வீட்டில் தெரியாத எழுத்து

நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஆபீசில் என் வேலை போனைத் தட்டிப் பார்ப்பது. நீங்கள் ஆப் செய்வீர்கள், நான் தட்டுவேன். எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் முழிக்கிறது என்று சொல்வேன். ஏன் என்று கேட்டால் தெரியாது என்பேன். போன மாதத்தோடு அந்த வேலையும் முடிந்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணே என்று ஆப் செய்கிற கவிதா கேட்டாள். எனக்கு நிறைய எழுத வராது. ஒன்றே ஒன்று எழுதுகிறேன். கண் ஆஸ்பத்திரிக்கு நாம் செய்து கொடுத்த ஆப் பற்றியது. நடந்ததில் பாதி இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆப் ரொம்பச் சின்னது. கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் போனில் அதைப் போட்டு அனுப்புவார்கள். மருந்து ஊற்றுகிற நேரம் வந்தால் மணி அடிக்கும். திறந்து பார்த்தால் எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று எழுதியிருக்கும். அம்புட்டுத்தான்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். போனோடு வருகிற எழுத்து வேண்டாம் என்றார். அது ஒல்லியாக இருக்கிறது, புரை எடுத்த கண்ணுக்குக் குண்டு எழுத்து வேண்டும் என்றார். ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் படிக்கிற கண்ணாடி கொடுப்பார்களாம். அதுவரைக்கும் சின்ன எழுத்து எதுவும் கலங்கித்தான் தெரியும். அவர் சொன்னது நியாயம். அதற்கென்றே தனியாக ஒரு குண்டு எழுத்து வரைய வைத்தோம். நீங்கள் ஃபாண்ட் என்பீர்களே, அது.

அதை ஆப்புக்கு உள்ளேயே வைத்தால் ஆப் பெருத்துப் போகிறது என்றாள் கவிதா. வயசானவர்கள் போனில் ஏற்கெனவே காலை வணக்கம் பூப்படம் நிரம்பிக் கிடக்கும். இடமில்லை என்று ஆப் ஏறாது. அதனால் எழுத்தை வெளியே வைத்தாள். முதல் தடவை திறக்கும்போது நெட் வழியாக வந்து போனில் உட்கார்ந்துகொள்ளும். அதுவும் நியாயம்.

அப்புறம் டாக்டரம்மா பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னார். "மொதல்ல ஒல்லி எழுத்து வருது. சட்டுன்னு குதிச்சுக் குண்டு எழுத்தா மாறுது. ஆபரேஷன் பண்ணுன ஆளு கண்ணுல என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துருவாரு." கவிதா அதையும் சரி செய்தாள். குண்டு எழுத்து வந்து சேருகிற வரை எந்த எழுத்தும் தெரியாது. வந்த பிறகு மொத்தமாகத் தெரியும். குதிக்காது.

நான் எல்லாப் போனிலும் தட்டிப் பார்த்தேன். குதிக்கவில்லை. அனுப்பிவிட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இருந்து சிஸ்டர் போன் செய்தார். நம்ம முதலாளி பிரபு சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், முத்துக்காளைன்னு ஒரு பேஷன்டு. வாடிப்பட்டிக்கு அங்கிட்டு, சிறுமலை அடிவாரத்து ஊரு. உங்க ஆப்புல எழுத்து தெரியலைங்கிறாரு. கட்டம் தெரியுதாம். கலரு தெரியுதாம். எழுத்து மட்டும் இல்லையாம்."

"போனைக் கொண்டுவரச் சொல்லுங்க சிஸ்டர். பாத்துருவோம்."

"கொண்டுவந்தாரு சார். இங்க தெரியுது. அவரே படிச்சுக் காட்டுனாரு. டாக்டரம்மா கண்ணையும் பாத்துட்டாங்க, நல்லா இருக்கு. வீட்டுக்குப் போயி மறுநா காலையில பாத்தா இல்லைங்கிறாரு."

கவிதா மெதுவாகச் சொன்னாள். "அப்பக் கண்ணுதான் சார்."

அது சிஸ்டர் காதில் விழுந்துவிட்டது. "டாக்டரம்மா ஆப்புதாங்கிறாங்க" என்றார்.



முத்துக்காளை முதலில் மதுரையில் மகன் வீட்டில் தங்கியிருந்தார். மகன் லோடு வண்டி ஓட்டுகிறவர், அவர் போனிலும் நம் ஆப் உண்டு. ஆரப்பாளையத்தில் வாடகைக்கு இருக்கிறார். அங்கே இருந்தவரை எழுத்து நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் எழுத்தே பார்க்க முடியாமல் இருந்த மனுஷன். படித்துப் படித்துக் காட்டினாராம். ஊருக்குப் போனார். மறுநாள் காலை எழுத்து இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தார், இருந்தது. திரும்பப் போனார். மறுநாள் இல்லை.

ஆபீசில் இருந்த போன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். பழசு, புதுசு, கண்ணாடி உடைந்தது. எல்லாவற்றிலும் எழுத்து இருந்தது. ஊரில் நெட் கிடைக்காது, அதனாலோ என்று நான் கேட்டேன். கவிதா நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து காட்டினாள். எழுத்து இருந்தது.

"ஒரு தடவை வந்துருச்சுன்னா போனுக்குள்ளயே இருக்கும்ணே. அவருக்குத்தான் மதுரையிலயே வந்துருச்சே."

அதுவும் சரிதான். எனக்குத் தலை சுற்றியது. மேசையில் இருக்கிற போன் எல்லாம் அவர் பொய் சொல்கிறார் என்றது. பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை சிஸ்டர் திரும்பவும் பேசினார். குரல் மாறியிருந்தது.

"சார், அந்த ஆளு கண்ணுல துண்டைக் கட்டிட்டு உக்காந்துட்டாராம். மருந்து ஊத்த விடமாட்டேங்குறாராம். இங்க கூப்பிட்டா வரமாட்டேங்குறாரு. ஆஸ்பத்திரிக்குள்ள வந்தா தெரியுது, வெளிய போனா அவியுது, அந்த ரூம் வெளிச்சத்துல என்னமோ செஞ்சு ஏமாத்துறீங்கன்னு மகன்கிட்டச் சொல்லியிருக்காரு."

"மருந்து ஊத்தலைன்னா என்ன ஆகும் சிஸ்டர்?"

"கண்ணு வீங்கும். சீழ் வச்சிருச்சுன்னா அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. கண்ணே போயிரும்."

பிரபு சார் என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க போயிட்டு வாங்க. போனை மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. அவர்கிட்ட எதுவும் பேச வேண்டாம்."

பசுமலையில் இருக்கிற ஆபீசில் இருந்து என் எக்ஸெல் வண்டியில் கிளம்பினேன். சமயநல்லூர் தாண்டி, வாடிப்பட்டி தாண்டி, வடக்கே திரும்பி வாழைத்தோட்டம் வழியாகப் போனேன். வெயில் ஏறியிருந்தது.

முத்துக்காளை முன்ரூமில் பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தலையைச் சுற்றிப் பச்சைத் துண்டு. கண்ணு ரெண்டும் மூடியிருந்தது. ஆபரேஷன் செய்தது ஒரு கண்தான். இன்னொன்றில் புரை முத்தி, வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

"யாரு?"

"போன்ல மருந்துக்கு மணி அடிக்குதுல்லண்ணே, அந்த ஆபீஸ்ல இருந்து வாரேன்."

"மணி நல்லாத்தான்யா அடிக்குது. கண்ணு அவிஞ்சவனுக்கு மணி எதுக்கு, போனு எதுக்கு? அந்தா கெடக்கு. எடுத்துக்கிட்டுப் போ."

போன் டிவி மேல் கிடந்தது. எடுத்துக்கொண்டேன். ஆபீசில் சொல்லிவிட்ட வேலை அதோடு முடிந்தது. வண்டியைத் திருப்பியிருக்கலாம்.

அவர் வீட்டம்மா ஒச்சம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்தார். "போனை எடுத்துட்டுப் போகாதீகய்யா. மணி அடிக்கவும்தான் மருந்து நேரமுன்னு தெரியும். நேத்துல இருந்து ஒரு சொட்டு ஊத்த விடல. நான் பாட்டுக்குக் கத்துறேன், அவரு பாட்டுக்கு உக்காந்திருக்காரு."

"நீ போடி உள்ள. ஒனக்குத் தெரியுது. மகனுக்குத் தெரியுது. ஊர்ல அம்புட்டுப் பேரு கண்ணுக்கும் தெரியுது. என் ஒருத்தன் கண்ணுக்குத்தான் தெரியல."

"வேற எதுவும் தெரியலையாண்ணே? ஆளு, மாடு, மரம்?"

"எல்லாம் தெரியுது. எழுத்துத்தான் இல்ல. எழுத்து படிக்க நரம்பு தனியாம்ல. அதை அறுத்துவிட்டுட்டாங்க. எதுத்த வீட்டுக்காரன் வெவரமாச் சொன்னான்."

"எதுத்த வீட்டுக்காரரு டாக்டரா?"

"ஆட்டு யாவாரி" என்றார் ஒச்சம்மா.

துண்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது. "ஆட்டுக்கும் நரம்பு இருக்குல்லடி."

நான் சிரிக்கவில்லை. போனில் ஆப்பைத் திறந்தேன்.

பச்சைக் கட்டம் வந்தது. மஞ்சள் கட்டம் வந்தது. உள்ளே வெள்ளை. ஒரு எழுத்துகூட இல்லை. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன். வரவில்லை. மூடித் திறந்தேன். வரவில்லை. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். கழற்றிவிட்டும் பார்த்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன், திரும்ப நிழலில் பார்த்தேன். என் கண் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் போனை எடுத்து அதே ஆப்பைத் திறந்தேன். குண்டு குண்டாக எழுத்து. ஒரு கையில் எழுத்து, இன்னொரு கையில் வெள்ளை.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. தண்ணித் தொட்டி பக்கம் போனால் பேசுகிற அளவுக்குக் கிடைக்கும் என்றார் ஒச்சம்மா. போய்க் கவிதாவைக் கூப்பிட்டேன்.

"எழுத்து இல்ல தாயி."

"என்னண்ணே சொல்றீங்க? இங்க எல்லாத்துலயும் வருதே."

"இங்க இல்ல."

"உங்க போன்ல?"

"இருக்கு."

"அதே ஊர்லதான நிக்கிறீங்க?"

"அதே ஊருதான். அதே தொட்டிதான்."

அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிரபு சார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். அவர்கிட்ட நம்ம ஆப்புதான் தப்புன்னு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"சொல்லிறாதீங்க. நம்ம பேரு கெடுமேன்னு சொல்லல. ஆப்பும் கெட்டிருக்கு, கண்ணும் கெட்டிருக்குன்னா என்ன செய்வீங்க? போன்தான் தப்புன்னு நாம சொல்லிட்டம்னா, அந்த மனுஷன் கண்ணுல வேற கோளாறு இருந்தாலும் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாரு. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

யோசித்தேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் போன் தப்பு என்று சொல்லாவிட்டால் துண்டு அவிழாது. துண்டு அவிழாவிட்டால் மருந்து இறங்காது. சொன்னால் ஒரு வழியில் கண் போகும். சொல்லாவிட்டால் இன்னொரு வழியில் போகும்.

தொட்டி நிழலில் கொஞ்சம் நின்றேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஏன் எழுத்து வரவில்லை என்று தெரியாது. கவிதாவுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? அந்த மனுஷன் கண் எப்படி இருக்கிறது என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்தப் போனில் எழுத்து இல்லை. அதை நானே பார்த்தேன். அதை மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அம்புட்டுத்தான் எனக்குத் தோன்றியது. அது சரியா என்றுகூட அப்போது தெரியாது.

திரும்பவும் ஆபீசுக்கே போன் போட்டேன்.

"சார், அந்தக் குண்டு எழுத்தைக் கழட்டிருங்க. போனோட எழுத்தே வரட்டும்."

"காரணம் தெரியாம எப்படிண்ணே கழட்டுறது? டாக்டரம்மா வேற கேப்பாங்க."

"காரணத்தை அப்புறமா தேடலாம் சார். இந்த ஆப்போட இன்னும் எம்புட்டுப் பேரு வீட்டுல இருக்காகளோ. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள இன்னொருத்தரு துண்டைக் கட்டிறக்கூடாது."

 அப்புறம், "கழட்டும்மா" என்று கவிதாவிடம் சொன்னது கேட்டது.

அந்தப் புது ஆப் இந்த ஊருக்கு நெட்டில் வந்து சேர எத்தனை நேரம் ஆகுமோ. அதை நம்பி நான் நிற்க முடியாது. வீட்டுக்குத் திரும்பினேன். ஒச்சம்மாவிடம் போனைக் காட்டிக் கேட்டேன்.

"அம்மா, இதுல எழுத்து இருக்குன்னு அண்ணன்கிட்டச் சொன்னீகளா?"

"ஆமா."

"எங்க இருக்கு?"

அவர் பார்த்தார். பச்சைக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தா. இதான?"

"இது கலரு."

"நான் என்னத்தக் கண்டேன்? நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவளா? இருக்காடின்னு கேட்டாரு. என்னமோ கட்டம் கட்டமாத் தெரிஞ்சது. இருக்குன்னேன். இல்லைன்னா அதுக்கும் கத்துவாரு."

துண்டு கட்டிய தலை திரும்பியது. "ஏண்டி, இதை அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க எழுத்து படிக்கத் தெரியுமான்னா கேட்டீக? இருக்கான்னுதான கேட்டீக?"

"சரி, அவன்? அவன் படிச்சவன்ல. போன்ல கேட்டேன். நல்லாத் தெரியுதேப்பான்னான்."

"மகன் எங்க இருந்து சொன்னாருண்ணே?"

"மதுரையில இருந்து."

"அவரு பாத்தது அவரு போனை. அதுலயும் இந்த ஆப்பு இருக்கு. உங்க போனு இங்கல்ல இருக்கு."

 நான் நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணே. எனக்கும் எழுத்து தெரியல."

"பொய் சொல்லாத."

"கண்ணாடி போட்டுப் பாத்தேன். கழட்டிப் பாத்தேன். வெயில்ல கொண்டுபோயும் பாத்தேன். இந்தப் போன்ல எழுத்து இல்ல."

"நெசமாவா?"

"நெசமா."

 அப்புறம் நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"அப்ப என் கண்ணு நல்லா இருக்கா?"

ஒச்சம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று சொல்லு, சொல்லு என்று அவர் கண்ணு சொன்னது. ஒரு வார்த்தை சொன்னால் துண்டு அவிழ்ந்துவிடும். எனக்கும் ஆசைதான்.

"அது எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். "டாக்டரம்மாதான் பாத்துச் சொல்லணும். போன்ல எழுத்து இல்லைங்கிற வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

ஒச்சம்மா தலையில் அடித்துக்கொண்டார். காரியம் கெட்டது என்று நானும் நினைத்தேன்.

முத்துக்காளை கையைப் பின்னால் கொண்டுபோய்த் துண்டு முடிச்சைத் தேடினார்.

"இம்புட்டு நாளா வாரவன் போறவன் எல்லாம் கண்ணு நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னானுங்க. நீ ஒருத்தன்தான்யா தெரியலைங்குற."

துண்டு விழுந்தது. ஆபரேஷன் செய்த கண் சிவந்திருந்தது. தண்ணி வடிந்தது. இமையைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார், வெள்ளை. என்னைப் பார்த்தார்.

"ஒன் போன்ல இருக்கா?"

"இருக்கு."

"காட்டு."

இதற்கு நான் தயாராக இல்லை. இதிலும் அவருக்குத் தெரியாவிட்டால்? துண்டு திரும்ப ஏறிவிடும், அப்புறம் யார் சொன்னாலும் இறங்காது. ஆனால் நான் பார்த்ததைத்தான் சொல்வேன் என்று உட்கார்ந்துவிட்டு, இப்போது போனை மறைத்தால் அது என்ன பேச்சு? கொடுத்தேன்.

முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். திரும்பக் கிட்டே கொண்டுபோனார். 

"மதி... யம்" என்றார். "ரோஸ்... மூடி. ஒரு சொட்டு."

போனை மடியில் வைத்தார்.  ஒச்சம்மா பக்கம் கையை நீட்டினார்.

"மருந்தை எடு."

ஒச்சம்மா அலமாரிக்கு ஓடினார். அவர் பேச்சைக் கேட்டு ரோஸ் மூடிப் பாட்டிலைத் திறக்கப் போனார். நான் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். என் போனில் இருந்தது நாங்கள் ஆபீசில் சோதனைக்குப் போட்டு வைத்த ஆள். அந்த ஆளுக்கு மருந்து வேறு, கண்ணும் வேறு. எழுத்து தெரிந்ததிலேயே மனுஷன் அதை அப்படியே நம்பிவிட்டார். நான் தடுத்திருக்காவிட்டால் இல்லாத ஒருத்தனுடைய மருந்து அவர் கண்ணில் இறங்கியிருக்கும். திரை மேல் எழுத்து அழகாக வந்துவிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதையும் மனசில் வையுங்கள்.

பாட்டில்களைத் துணிப்பையில் போட்டு மூன்று பேரும் தண்ணித் தொட்டிக்குப் போனோம். சிஸ்டரைக் கூப்பிட்டேன். எந்த மூடி, எத்தனை சொட்டு என்று சிஸ்டர் சொல்லச் சொல்ல, தொட்டித் திண்டில் முத்துக்காளையை அண்ணாந்து உட்கார வைத்து ஒச்சம்மா ஊற்றினார். பக்கத்தில் தண்ணி பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆட்டு வியாபாரியும் வந்தார். முத்துக்காளை கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"வாய்யா நரம்பு டாக்டரு."

ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். கண் சிவந்திருக்கிறது என்று நான் சொன்னேன், அதையும் பார்த்ததால் சொன்னேன். ஊரில் ஒரு ஆட்டோ பிடித்து அவர்களை ஏற்றி, போனை நான் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

ஆஸ்பத்திரி படியேறி, காத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து, சும்மா அந்தப் போனைத் திறந்தேன். புது ஆப் இன்னும் ஏறவில்லை, பழைய ஆப்பிலேயே குண்டு எழுத்து வந்துவிட்டது. என் கையிலேயே. நான் எதையும் தொடவில்லை.

கவிதாவுக்குப் போன் செய்தேன். "வந்துருச்சு தாயி. எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருக்கு."

 அவள் கேட்டாள். "அண்ணே, அவரு காலையில எந்திரிச்சதும் போன்ல என்ன செய்வாருன்னு கேளுங்க."

கேட்டேன்.

"என்ன செய்வேன்? தொடப்பத்தை அமுக்குவேன்" என்றார் முத்துக்காளை.

வாடிப்பட்டி போன் கடைக்காரர் போனைச் சுத்தம் செய்கிற ஆப் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார். துடைப்பம் படம் போட்டிருக்கும். தினம் விடிந்ததும் அமுக்குங்கள், இல்லாவிட்டால் போன் நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார். இவரும் வாசல் கூட்டுகிற மாதிரி தினமும் அமுக்கியிருக்கிறார். அது பூப்படத்தோடு நம் எழுத்தையும் கூட்டித் தள்ளியிருக்கிறது. மதுரையில் தள்ளினாலும் நெட் வழியாக உடனே திரும்ப வந்துவிடும். ஊரில் வராது. எழுத்து வரும் வரும் என்று ஆப் காத்துக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்தால் அங்கே வைஃபை. முதலில் ஆப் போட்டுக் கொடுத்தபோதே அந்தப் போனில் வைஃபையும் போட்டு வைத்திருந்தார்கள். எழுத்து தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கவிதா இதை எனக்கு ரெண்டு தடவை விளக்கினாள். விளக்கும்போது புரிகிறது. அப்புறம் நழுவிவிடுகிறது.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார். வீக்கம் ஆரம்பித்திருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். மருந்தைக் கூட்டிக் கொடுத்தார். அவசரத்துக்கு ஒல்லி எழுத்து வைத்ததற்காகப் பிரபு சாரையும் ஒரு பிடி பிடித்தார். அப்புறம் கவிதா அந்தக் குண்டு எழுத்தில் தேவையானதை மட்டும் வைத்து இளைக்க வைத்து, ஆப்புக்கு உள்ளேயே போட்டாள். நெட்டும் வேண்டாம், எந்தத் துடைப்பமும் அதைத் தொடாது. முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முதலில் எல்லாரும் சரியான காரணம்தான் வைத்திருந்தோம். அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. டாக்டரம்மா சொன்னது சரி, கவிதா செய்தது சரி, நான் தட்டிப் பார்த்ததும் சரி. எல்லாம் சேர்ந்து ஒரு மனுஷன் கண்ணில் துண்டாக விழுந்தது.

உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். உங்கள் மேசையில் தெரிகிறது என்பதை வைத்து, தெரியவில்லை என்று சொல்கிறவரை மறுக்காதீர்கள். போய் அவர் போனை, அவர் வீட்டில் நின்று பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். பாராததைத் தைரியத்துக்காகக்கூடச் சொல்லாதீர்கள்.

முத்துக்காளை கண்ணு தேறியது. அடுத்த கண்ணுக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று வெகு நாள் இழுத்தடித்தார். மகன் பேசிப் பார்த்தார், சிஸ்டர் பேசிப் பார்த்தார். கடைசியில் ஒரு நாள் எனக்குப் போன் வந்தது. "தம்பி, மறு கண்ணும் பண்ணிட்டாங்க. நாளைக்கு வீட்டுக்கு விடுறாங்க. நீ வந்துட்டுப் போ."

போனேன். ஆஸ்பத்திரி மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஆப்பைத் திறந்து, "ஐயா, எழுத்து தெரியுதா பாருங்க" என்று போனை நீட்டினாள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. போனை வாங்கி அப்படியே என் கையில் கொடுத்தார்.

"மொதல்ல நீ பாரு."

பார்த்தேன். "இருக்குண்ணே."

"எனக்காகச் சொல்றியா?"

"இல்ல. இருக்கு."

அப்புறம்தான் கண்ணாடியைக் கழற்றினார்.